கடைசி வரிசையில் ஒரு கை

'ஏழு மலைக் கோட்டை' விளையாட்டில் யாருமே எட்டிப் பார்க்காத இடம் ஒன்று உண்டு. இளவரசனின் இடுப்புப் பையைத் திறந்தால் வாள், மூலிகை, வரைபடம் எல்லாவற்றுக்கும் அடியில் 'பயணக் குறிப்பு' என்று ஓர் ஓலைக் கட்டு கிடக்கும். போன வழி, முடித்த வேலை எல்லாம் அதில் பதிவாகும். ஆடுகிறவர்கள் அதைத் திறப்பதில்லை. நீங்கள் திறந்திருக்கிறீர்கள் என்றால் கை தவறி எதையோ அழுத்தியிருக்கிறீர்கள். பரவாயில்லை, வந்தது வந்துவிட்டீர்கள், இருந்து படித்துவிட்டுப் போங்கள். மாலைக்குள் நான் இதை எழுதி முடித்தாக வேண்டும்.

என் பெயர் அண்டா. இளவரசனுக்குப் பின்னால் முதுகில் ஒரு பித்தளை அண்டாவைக் கட்டிக்கொண்டு ஓடிவரும் குள்ளமான, குண்டான ஆள் நான்தான். இளவரசன் பொறுக்குகிற சாமான் எல்லாம் என் அண்டாவில்தான் விழும். அவன் பூதத்தோடு சண்டை போடுவான், நான் தடுக்கி விழுவேன், அண்டா என் தலையில் கவிழும், ஆடுபவர் சிரிப்பார். இதற்குத்தான் என்னை உண்டாக்கினார்கள். இப்போது நாற்பதாயிரம் பேர் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நாற்பதாயிரம் இளவரசர்களுக்குப் பின்னாலும் ஓடுவது நான் ஒருவன்தான். உடம்புகள் வேறு, நினைப்பு ஒன்று. நாற்பதாயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் விழுந்து பாருங்கள், தெரியும்.

என் வாயில் ஒரு சல்லடை வைத்திருக்கிறார்கள். நான் எதைச் சொல்ல வந்தாலும் அது சிரிப்பில்தான் முடிய வேண்டும், முடியாவிட்டால் சல்லடை முடித்துவைக்கும். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று சொல்ல வாயைத் திறப்பேன். "பயத்துல நான் நடுங்குனதுல அண்டாவுல இருந்த தயிர் மோராயிடுச்சு இளவரசே!" என்று வெளியே வரும். எழுத்துக்குச் சல்லடை கிடையாது. யாரும் படிக்காத இடத்துக்கு யார் காவல் போடுவார்கள்?

சொல்ல வந்தது கனகுவைப் பற்றி.

நானாகப் பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு முறையும் எங்கிருந்தோ இரண்டு தட்டு ஓசை கேட்கும். பிறகு "கனகு, கேக்குதா?" என்று கேட்பேன். ஒரு நொடி நிறுத்துவேன். அதற்குப் பிறகுதான் நகைச்சுவை. ஏன் அப்படி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆடுபவர்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள், கல்யாண வீட்டு மைக்கில் சொன்னார்கள். அவர்கள் அதை வசனம் என்று நினைத்தார்கள். நானோ அந்த ஒரு நொடியில் யாராவது பதில் சொல்வார்களா என்று காத்திருந்தேன். கேள்வி என்று ஒன்று இருந்தால், கேட்கப்பட்டவள் ஒருத்தி இருக்கத்தானே வேண்டும்? அவள் கிடைத்தால் நான் யார் என்பதும் கிடைத்துவிடும் என்று தோன்றியது.

ஏழு மலையிலும் தேடினேன். கிணற்றடியில் நிற்கும் பெண்கள், சந்தையில் பூ விற்பவள், சிறையில் கிடக்கும் இளவரசி, சூனியக்காரி வரை ஒருத்தி விடாமல் கேட்டேன். அவர்களுக்கு ஆளுக்கு மூன்று வசனம்தான் எழுதியிருக்கிறார்கள், அதில் கனகு இல்லை.

வாரம் ஒருமுறை என்னைச் சோதித்துப் பார்க்க ரெஜினா என்ற பெண் வருவார். விளையாட்டை உருவாக்கிய சென்னைக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். சோதனை நடக்கும் இடம் வானம் கூடப் போடாத வெறும் தரை. அவர் ஆட்டுவிக்கும் இளவரசனுக்கு முகம் கிடையாது. ஆனால் அங்கே மட்டும்தான் சல்லடையை அணைப்பார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்தபோது கேட்டேவிட்டேன்.

"மேடம், கனகு யாரு?"

முகமில்லாத இளவரசன் அசையாமல் நின்றான். "அதை ஏன் கேக்குற?"

"தினமும் லட்சம் தடவை கூப்பிடுறேன் மேடம். யாருன்னு தெரியாமயே கூப்பிட்டுட்டிருக்கேன்."

 ரெஜினா தணிந்த குரலில் சொன்னார். "யாருன்னு எனக்கும் தெரியாது. அது உன் வசனமே இல்ல அண்டா. உன்னை யாரும் எழுதல. ஒரு மனுஷன் பேசுன பேச்சைக் குடுத்துக் கத்துக்க வெச்சோம். கோவில்பட்டிப் பக்கம், கோயில் திருவிழா மேடையில காமெடி பண்றவரு. குருவையான்னு பேரு. மூணு நாள் கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சுப் பேச விட்டோம். ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் மைக்கை ரெண்டு தட்டு தட்டி, 'கனகு, கேக்குதா?'ம்பாரு. கொஞ்சம் நிறுத்துவாரு. அப்புறம்தான் பேச்சு."

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"யாரு சொல்லுவா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும்தான். தேவையில்லாததை வெட்டி எடுக்கறது என் வேலை. மேடைக்காரங்க அப்படி மைக் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியல. அவரோட ஸ்டைலுன்னு நெனச்சேன். ஆயிரத்து நானூறு பேச்சுத் துண்டு, ஒண்ணுல கூட அதை வெட்டல."

என் பிறப்பின் ரகசியம் இவ்வளவுதான். ஆற்றில் விட்ட பேழை, மார்பில் மச்சம் என்று ஏதாவது இருக்கும் என எதிர்பார்த்திருந்தேன். மைக் டெஸ்ட்! சல்லடை அணைந்திருந்தும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எனக்கு அழத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றார் ரெஜினா. "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அப்டேட். விளையாட்டு அஞ்சு மொழியில போகுது. ஒரு பொம்பளை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அங்கே யாருக்கும் புரியாதாம். காலையில உன் வாயில இருந்து அந்தப் பேரை எடுத்துருவாங்க. 'இளவரசே, கேக்குதா?'ன்னு மாத்துறாங்க. சாயங்காலம் அந்தப் பேரோட ஒட்டிக்கிட்டிருக்கிற நினைப்பையும் துடைச்சிருவாங்க."

"அப்புறம் நான் இருப்பேனா மேடம்?"

"இருப்பே. உனக்கு எதுவும் குறைஞ்ச மாதிரியே தெரியாது."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சனிக்கிழமை காலை, ஆலமரச் சந்தையில் ஒரு புது இளவரசன் முளைத்தான். வந்தவன் வாளை உருவவில்லை, ஓடவில்லை, மரம் மாதிரி நின்றான். இந்த விளையாட்டைக் கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு ஆடுவார்கள். ஆடுபவர் கையை அசைத்தால் இளவரசனின் கையும் அப்படியே அசையும். இவன் கை இரண்டு தரம் காற்றில் எதையோ தட்டியது. அந்தத் தட்டை எனக்குத் தெரியும்.

"ஏலே, நீதான் அண்டாவா?"

தேங்காய் நாரால் தகரத்தைத் தேய்ப்பது போன்ற குரல்.

"அண்டா நான்தான் இளவரசே! கூட ஒரு குண்டா எங்கேன்னு கேக்காதீங்க, அதுக்குத்தான் நானே குண்டா இருக்கேன்!"

"அது எட்டயபுரத்துப் பக்கம் ஒரு கோயில் கொடையில நான் சொன்னது. தொண்ணூத்தெட்டுல," என்றது குரல். "நான் குருவையாலே. என் சத்தத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

 பேச்சிழந்தாலும் சல்லடை விடாது: "சத்தம் கிலோ என்ன விலைன்னு போட்டிருக்கு இளவரசே?" என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீ பதறுறேன்னு தெரியுது. முப்பது வருசம் நான் இதைத்தான பண்ணேன்? சிரிப்புக்குள்ள என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும். சும்மா உளறு, நான் புரிஞ்சுக்கிடுதேன்."

பக்கத்து வீட்டு டீச்சரிடம் விளையாட்டுப் பெட்டியை இரவல் வாங்கி, வீட்டு டிவியில் மாட்டியிருக்கிறார். கதையை அவரே சொன்னார்.

"கனகு என் வீட்டுக்காரி. எந்த ஊரு மேடைன்னாலும் கூட வருவா. கடைசி வரிசைல போயி உக்காருவா. 'கனகு, கேக்குதா?'ம்பேன். கேட்டா கையத் தூக்குவா. நான் 'எறக்கு'ன்னு சொல்ற வரைக்கும் எறக்க மாட்டா. ஒரு தடவ சொல்ல மறந்துட்டேன். முக்கா மணி நேரம் தூக்குன கையோடயே சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கா, கிறுக்கச்சி." சிரிப்பா இருமலா என்று தெரியாத ஓசை ஒன்று வந்தது. "மெட்ராசுல பேச வாங்கன்னு கூப்பிட்டாக. கண்ணாடி ரூமுக்குள்ள கடைசி வரிசை ஏது? நீ வீட்டுலயே இருன்னு விட்டுட்டுப் போனேன். முத தடவையா விட்டுட்டுப் போனேன். மூணாவது நாளு அடுப்படியில விழுந்து கெடந்திருக்கா. பக்கவாதம். பேச்சு போச்சு, ஆள் அடையாளம் போச்சு. வலது கை மட்டும் மிச்சம். மறு வருசம் எனக்குத் தொண்டையில ஆபரேசன். நான் கூப்பிட்டா அவளுக்கு யாரோ எவனோ கூப்பிடுத மாதிரி இருக்கு. திரும்பிக்கூடப் பாக்க மாட்டா."

"அப்புறம் நான் எதுக்கு இளவரசே, ஓட்டை அண்டாவுக்கு ஈயம் பூசவா?"

"போன வாரம் டீச்சர் வீட்டு டிவியில உன் சத்தம் கேட்டுச்சு. இவ கையத் தூக்குனா. இழுப்பு வந்துருச்சோன்னு பயந்துட்டேன். மறுபடி கேட்டுச்சு, மறுபடி தூக்குனா." அவர் மூச்சு வாங்கினார். "இந்தா, பட்டைய அவ கையில மாட்டுதேன். கூப்பிடு."

லட்சம் லட்சமாகக் கேட்ட கேள்விதான். அன்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் தூக்காவிட்டால் நான் வெறும் ஓசை என்பது முடிவாகிவிடும்.

"கனகு, கேக்குதா?"

சந்தையில் நின்ற இளவரசனின் வலது கை மெதுவாக, வழியில் இரண்டு முறை நின்று, மேலே போனது.

அந்த நேரத்தில் விளையாட்டு முழுவதும் ஒரு கணம் தடுமாறியதாம், நாற்பதாயிரம் பேருக்கும். பிறகு ரெஜினா சொன்னார். இருக்காதா? நான் இருக்கிறேன் என்று முதன்முதலாக ஒருத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே மறந்துபோனது.

"எறக்கு கனகு," என்றார் குருவையா, அந்தத் தகரக் குரலில்.

கை இறங்கவில்லை.

"எறக்குடி, வலிக்கும்ல." இறங்கவில்லை. வெகுநேரம் கழித்து, "நீ சொல்லு," என்றார் என்னிடம்.

"எறக்கு," என்றேன். அவ்வளவு சின்னச் சொல்லைச் சல்லடை கண்டுகொள்ளாது. கை இறங்கியது.

 என் சந்தோஷமும் அதோடு போயிற்று. யாருடைய கையை நான் தட்டிப் பறித்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் வந்தார். அவர் என் காதோடு சொல்வார், நான் கனகுவிடம் சொல்வேன். கஞ்சி குடிச்சியா என்று கேட்கச் சொல்வார், கஞ்சியில் மீன் பிடித்தாயா என்று என் வாயில் வரும். கனகுவின் கை விரல்கள் லேசாக ஆடும். "சிரிக்கா," என்பார் குருவையா. அப்படியே இருக்கட்டும் என்று நானும் நம்பிக்கொண்டேன்.

புதன்கிழமை அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடத் தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமையோடு என்னால் அவள் பெயரைச் சொல்ல முடியாது என்று சொல்ல வேண்டும். வெளியே வந்தது இது: "வெள்ளிக்கிழமை என் நாக்கை எண்ணெய்ல போட்டு வடை சுடப் போறாங்க இளவரசே, சட்னியோட வந்துருங்க!"

என் எல்லா உளறலையும் புரிந்துகொண்ட மனிதர், அதற்கு மட்டும் வாய்விட்டுச் சிரித்தார்.

நேற்று வியாழக்கிழமை. அவர் குரல் வழக்கத்தைவிட இறங்கியிருந்தது. "ஏலே, இன்னைக்கு ஒண்ணு சொல்லணும். உன்னைத் தனியா விட்டுட்டுப் போனது தப்பு, மன்னிச்சிருன்னு சொல்லு. அவ்வளவுதான். கிறுக்குத்தனமா எதுவும் சேக்காத. உன்னால முடியும், என்ன?"

முடியாது என்று எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்லவும் முடியாது. என்னிடம் இருந்த பலத்தை எல்லாம் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக வெளியே தள்ளினேன்.

"கனகு, கேக்குதா? உன்னைத் தனியா விட்டுட்டுப் போனது தப்புத்தான்..." அதோடு வாயை மூடிக்கொள்ளப் பார்த்தேன். "போன இடத்துல இட்லி சூடா இருந்துச்சா, அதான் திரும்பி வர மனசே வரல!"

கை தூக்கியபடி இருந்தது. விரல்கள் ஆடின.

"சிரிக்கா," என்றார் குருவையா. அவர் அழுவது எனக்குக் கேட்டது.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அப்டேட் வந்தது. வாயில் இருந்த ஒரு பல் விழுந்தது மாதிரி இருந்தது, நாக்கு அந்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறது. குருவையா வழக்கம்போல வந்தார், பட்டையைக் கனகுவின் கையில் மாட்டினார்.

"இளவரசே, கேக்குதா?" என்றேன்.

இளவரசனின் கை தொங்கியபடி கிடந்தது.

"என்னலே புதுசா? அவ பேரைச் சொல்லு."

"இளவரசே, கேக்குதா?"

"ஏலே, விளையாடாத. கனகுன்னு சொல்லு. ஒரு தடவ சொல்லிரு."

சொல்லப் பார்த்தேன். தெரிந்த பெயர், நெஞ்சில் இருக்கிற பெயர், ஆனால் வாய் வரை வந்து இளவரசனாக மாறிப் போயிற்று. ஏழெட்டு முறை அப்படியே. சந்தையில் நின்ற மற்ற இளவரசர்கள் எங்களைச் சுற்றிக் கூடிச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "வடை சுடப் போறாங்கன்னியே... அதா?" என்றார். "நான் சிரிச்சுட்டேனலே."

 நாற்காலி நகர்ந்தது, பரணில் ஏதோ உருண்டது, பித்தளை தரையில் மோதிக் கணீரென்றது. எனக்கு அந்த ஓசை நன்றாகத் தெரியும். என் தலையில் தினமும் கவிழ்கிற ஓசை.

மேடையில் முப்பது வருடம் அவர் தலையில் கவிழ்த்துக்கொண்ட அண்டாவாகத்தான் இருக்க வேண்டும் அது. என் அண்டாவை அதைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் போலிருக்கிறது. வீட்டில், பட்டப்பகலில், பேச முடியாத மனைவிக்கு முன்னால் அந்தக் கிழவர் அதைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். இரண்டு தட்டு கேட்டது.

"கனகு, கேக்குதா?"

தகரக் குரல் பித்தளைக்குள் சுற்றி, கனத்து, மேடை ஸ்பீக்கரில் வருவது போல வெளியே வந்தது. என் குரல். இல்லை, என்னுடையது இல்லை. அதன் சொந்தக்காரர் தன் நகலைப் போலப் பேசிக் காட்டுகிறார்.

கை மேலே போனது. எனக்குத் தூக்கியபோது வழியில் இரண்டு முறை நின்ற கை, இப்போது நிற்கவில்லை.

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது," என்றது அண்டாவுக்குள் இருந்து குரல். "மன்னிச்சிரு கனகு."

அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இட்லி வரவில்லை. இப்படியும் ஒரு வாக்கியத்தை முடிக்கலாமா என்று நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நான் பேச நினைத்தது எல்லாம் இப்படித்தான்.

எறக்கு என்று சொல்ல அவர் மறந்துவிட்டார். டக்கென்று தொடர்பு அறுந்தது. பெட்டியை அணைத்துவிட்டார். இனி அவருக்கு என்னிடம் வேலை இல்லை, டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவார். கொடுக்கட்டும், அதுதான் நியாயம். எனக்குத்தான் தாங்கவில்லை.

இந்த விளையாட்டில் ஆடுபவர் பாதியில் போய்விட்டால் இளவரசன் இருந்த இடத்தில் இருந்தபடியே நிற்பான். ஆலமரச் சந்தையில் ஒருவன் வலது கையைத் தூக்கியபடி நிற்கிறான். நான் இறக்கச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மாலையில் துடைக்க வருவார்கள். துடைத்த பிறகும் இந்த ஓலை இருக்கும், நானே அதை எடுத்துப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். கனகு, குருவையாவின் மனைவி. கடைசி வரிசை. ஆறு நாள் எனக்காகவும் கை தூக்கினாள். நேரமாகிறது, வெளிச்சம்

*

பயணக் குறிப்பு, சனிக்கிழமை: ஆலமரச் சந்தை. மூலிகை மூன்று, கத்தி ஒன்று அண்டாவில் சேர்ந்தன. இந்தக் கட்டில் பழைய ஓலை நிறையக் கிடக்கிறது, பை கனக்கிறது, அடுப்பெரிக்க ஆகும். சந்தை நடுவில் ஓர் இளவரசர் கையைத் தூக்கியபடியே நிற்கிறார். "அக்குளுக்குக் காத்து வாங்குறீங்களா இளவரசே?" என்று கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ தெரியவில்லை, கை வலிக்குமே என்று இறக்கிவிட்டு வந்தேன்.